மூன்று மைலுக்கு அப்பால் ஒரு கையெழுத்து

சான் டியாகோ,
ஜூன் மாதம், இன்னும் வெயில் எட்டிப் பார்க்காத ஒரு வியாழக்கிழமை.

அன்பும் பயமும் சம அளவில் கொண்ட என் ஆர்டித் அக்காவுக்கு,

தம்பி மெரிட் எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. அங்கே அயோவாவில் நீங்களும், உங்கள் சர்க்கரை அளவும், தெற்கு வயலில் நிற்கும் சோளமும் ஒன்றுக்கொன்று சண்டையில்லாமல் இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் மாதா கோவில் பெண்கள் சங்கத்தாரை விசாரித்ததாகச் சொல்லவும். போன கிறிஸ்துமஸுக்கு அவர்கள் அனுப்பிய பழக்கேக் இன்னும் இருக்கிறது. கதவு சாத்தாமல் இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் திங்கட்கிழமை வந்தது. நின்றுகொண்டு பிரித்தேன், இரண்டாவது வரியில் உட்கார்ந்தேன், முடித்ததும் அதைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட்டேன், கொஞ்சம் சூடு ஆறட்டும் என்று. ‘கூடப் பிறந்தவள் பெற்ற பிள்ளைக்கு ஒரே ஒரு கையெழுத்துப் போட மனசு வராத நீ என்ன மாமன்’ என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கையெழுத்தைப் போடாவிட்டால் ஜூலையில் உங்கள் எண்பதாவது பிறந்த நாளுக்கு நான் வர வேண்டாம் என்றும் எழுதியிருந்தீர்கள். அக்கா, எனக்கு மனைவி இல்லை, பிள்ளை இல்லை. எனக்கு இந்த உலகத்தில் போய் உட்கார ஒரு மேசை உண்டென்றால் அது உங்கள் வீட்டு மேசைதான். அதனால் ஏன் போடவில்லை என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். நான் முப்பத்தாறு வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்தியவன். சுருக்கமாகச் சொல்வது எனக்கு வராது.

இந்த மாநிலத்தில் படகு வாங்கினால் விற்பனை வரி கட்ட வேண்டும். உங்கள் பிள்ளை கிப் விற்கிற மாதிரிப் படகுகளுக்கு அந்த வரி மட்டுமே நம் அப்பா பண்ணை வீடு வாங்கிய விலையைவிட அதிகம். ஆனால் மாநிலத்தின் எல்லை கரையிலிருந்து மூன்று மைல் வரைக்கும்தான். அதைத் தாண்டிப் போய், நடுக்கடலில் வைத்துப் படகை வாங்குகிறவர் கையில் ஒப்படைத்து, அதற்கப்புறம் படகு ஒரு வருஷம் இந்தப் பக்கம் தலைகாட்டாமல் மெக்சிகோவில் கிடந்தால் இங்கே வரி கிடையாது. இது சட்டம்தான், களவு இல்லை. இங்கே படகு விற்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம். காலையில் கிளம்பிப் போவார்கள், கடலில் ஒரு சாட்சியை வைத்துக் கையெழுத்துப் போடுவார்கள், ஒரு புட்டி ஷாம்பெயினை உடைப்பார்கள், வாங்கியவரைத் தெற்கே அனுப்பிவிட்டு வேறொரு சின்னப் படகில் திரும்பி வருவார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. ஓர் உதாரணம் சொல்கிறேன். வகுப்பில் ஒரு பையன் வெளியே போக அனுமதிச் சீட்டு கேட்கிறான். கொடுக்கிறோம். அவன் எழுந்து வெளியே போனால் அது சீட்டு. போகாமல் கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு ‘சார், நான் இப்ப வெளியே இருக்கேன்’ என்றால் அதற்கு வேறு பெயர். கிப்பின் படகு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தது, அக்கா.

அவன் ஏன் இத்தனை பேரை விட்டுவிட்டு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டான் என்று நீங்கள் கேட்கலாம். அதை உங்களிடம் சொல்ல மாட்டேன் என்று அவனுக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே சொல்லவில்லை. உதாரணமாக மட்டும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒரு பையன் இருக்கிறான். அவன் பெயர் கிப் என்று வைத்துக்கொள்வோம். போன வருஷம் அவன் ஒரு படகை இன்ன தேதியில், கரையிலிருந்து இத்தனை மைலில், கொந்தளிக்கும் கடலில் கைமாற்றியதாக வரித்துறைக்கு எழுதிக் கொடுக்கிறான். அதே தேதியில் அந்தப் படகு கரையில் முட்டுக்கட்டைகள் மேல் நின்றுகொண்டு அடிப்பாகத்துக்கு நீலப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறது. இது எப்படித் தெரிந்தது? அந்தப் பையனே பெயின்ட் பிரஷ்ஷோடு சிரித்துக்கொண்டு ஒரு படம் எடுத்து ஃபேஸ்புக்கில் போட்டிருக்கிறான். வரித்துறையில் ஒருவர் அதற்கு லைக்கும் போட்டிருக்கிறார். அந்தப் பையன் வரியையும் கட்டி, அபராதத்தையும் கட்டி, ‘தேதி மாறிப் போச்சு’ என்று சொல்லித் தப்பித்தான். அதிலிருந்து அவன் கொண்டுபோகிற சாட்சிகளை வரித்துறை வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்க்கிறது. இந்த ஊரில் பாதிப் பேர் என்னிடம் படித்தவர்கள். மெரிட் சார் கையெழுத்து என்றால் யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள் என்று அந்தப் பையன் கணக்குப் போட்டான். உதாரணம் முடிந்தது. இது உங்கள் கிப் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை.

இந்த மாதத் தொடக்கத்தில் ஒரு காலை அவன் வந்தபோது எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ‘மாமா, கடல் காத்து வாங்கி எவ்வளவு நாளாச்சு? வாங்க, சும்மா ஒரு ரவுண்டு. ஒரு கையெழுத்து, ஒரு கிளாஸ் ஷாம்பெயின், மத்தியானத்துக்குள்ள வீட்ல விட்டுர்றேன்’ என்றான். ‘எனக்குப் படகு ஒத்துக்காதுடா’ என்றேன். ‘மாத்திரை இருக்கு மாமா’ என்றான். ஜூன் மாதம் எங்கள் ஊர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு எழுதியிருக்கிறேன். மற்ற ஊரில் எல்லாம் கோடை, இங்கே மட்டும் கடலிலிருந்து மூட்டம் ஏறி வந்து மத்தியானம் வரைக்கும் ஊரையே பஞ்சுப் பொதிக்குள் திணித்து வைக்கும். அன்று நீட்டிய கையின் விரல் தெரியவில்லை. படகுத் துறையில் வாங்குகிறவர்கள் இரண்டு பேரும் காத்திருந்தார்கள். டாக்டர் ஸ்ட்ரவுட், ஃபிரெஸ்னோவில் பல் வைத்தியர். அவர் மனைவி லொரீட்டா. வைத்தியர் நல்ல மனிதர், என்னைப் பார்த்ததும் என் பல்லைத்தான் முதலில் பார்த்தார். ‘நாணயம்தான் முக்கியம், மெரிட் சார். நான் ஒரு பல்லுக்கு ரெண்டு பல்லு பில் போட்டதே இல்ல’ என்றார். இதைக் கேட்டு எனக்கு மனசு நிறைந்துவிட்டது. நான் கேட்காமலே மனிதர் இதைச் சொன்னார் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

நாங்கள் மூன்று பேரும் கீழே அறையில் உட்கார்ந்தோம். கிப் மேலே சுக்கானைப் பிடித்தான். எஞ்சின் உறுமியது, படகு கிளம்பியது, ஜன்னல் முழுக்க வெள்ளை. லொரீட்டா அம்மாள் ‘நாம இப்ப எந்தப் பக்கம் போறோம்?’ என்று கேட்டார். அக்கா, யாராவது திசை கேட்டுவிட்டால் என்னால் சும்மா இருக்க முடியாது என்று உங்களுக்குத் தெரியும். ‘தென்மேற்கே போகிறோம்’ என்றேன். படகு திரும்பியது. ‘இப்போது நேர் மேற்கே’ என்றேன். மறுபடி திரும்பியது. ‘கலிபோர்னியா நீரோட்டம் நம்மைத் தெற்கே தள்ளுகிறது, அதைச் சரிக்கட்டத்தான் கிப் வளைக்கிறான்’ என்று ஆரம்பித்து, அலாஸ்காவிலிருந்து வரும் குளிர்ந்த நீர், அதனால் வரும் மூட்டம், நெத்திலி மீன்கள், அவற்றைத் தின்னும் பறவைகள் என்று முழுப் பாடத்தையும் நடத்திவிட்டேன். வைத்தியர் ஒரு கேள்விகூடக் கேட்டார். உண்மையில் நாங்கள் துறைமுகத்துக்குள்ளேயே கோயிலைப் பிரதட்சிணம் செய்வது போல் சுற்றிக்கொண்டிருந்தோம். படகின் எஞ்சின் பத்து நிமிஷத்துக்கு மேல் ஓடினால் கொதித்து நின்றுவிடுமாம். கடலுக்குப் போவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கிப் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, நாங்கள் கிளம்பிய துறைக்கு எதிர்ப்பக்கத் துறையில் ஓசைப்படாமல் படகைக் கட்டிவிட்டு, கைகளைத் தேய்த்துக்கொண்டு கீழே இறங்கி வந்தான்.

‘வந்தாச்சு! மூணு மைல் தாண்டி ஒரு கால் மைல், தாராளமா’ என்றான்.

‘அதைக் காட்டுகிற கருவி எங்கே?’ என்றேன்.

‘அது ரிப்பேர் மாமா. அதனாலதான் உங்கள மாதிரி ஒரு ஆளு வேணும்னு சொன்னேன்.’

படகின் பக்கவாட்டில் டொக், டொக் என்று எதுவோ இடித்துக்கொண்டே இருந்தது. ‘என்னடா இடிக்குது?’ என்றேன். ‘அலை மாமா’ என்றான். அலை இவ்வளவு மரச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அப்புறம் ஏதோ குரைத்தது. ‘கடல் சிங்கம்’ என்றான் கிப். வாஸ்தவம்தான், இங்கே கடல் சிங்கங்கள் அப்படித்தான் குரைக்கும். நானும் லொரீட்டா அம்மாளுக்குக் கடல் சிங்கத்தின் வாழ்க்கை முறையைச் சொல்லத் தொடங்கினேன். அதற்குள் மூட்டத்துக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது: ‘பிஸ்கட்! அடங்க மாட்டியா? யாரு வந்தாலும் குரைக்கணுமா உனக்கு?’

நான் கடல் சிங்கத்தைப் பாதியில் விட்டேன்.

‘பக்கத்துல வேற படகு போவுது போல’ என்றான் கிப்.

‘நாயோடவா?’ என்றார் வைத்தியர்.

‘கடல்ல நாய் வச்சிருக்கறது இப்ப ரொம்ப சகஜம் டாக்டர்.’

எனக்கு அதற்குள் வயிற்றைப் பிரட்டத் தொடங்கிவிட்டது. மூன்று மைல் தாண்டிவிட்டோம் என்று மனசு நம்பியது, வயிறு மனசை நம்பியது. கிப் கொடுத்த மாத்திரையும் வேலை செய்யவில்லை. ஷாம்பெயின் வாளியைக் கேட்டு வாங்கி, வைத்தியருக்கும் அவர் மனைவிக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு, காலையில் சாப்பிட்டதைத் திருப்பிக் கொடுத்தேன். இரண்டு கயிறு போட்டுக் கட்டிய படகில் கடல் மயக்கம் கண்ட பூகோள ஆசிரியர் என்னைத் தவிர இன்னொருவர் இருக்க மாட்டார். நான் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன். கிப் காகிதத்தை மேசையில் விரித்து, பேனாவை என் விரல்களுக்கு நடுவே செருகினான். அப்போது படகின் வாசலை யாரோ தட்டினார்கள்.

அக்கா, நீங்கள் அயோவாவை விட்டு வெளியே போனதில்லை, ஆனாலும் யோசித்துப் பாருங்கள். நடுக்கடலில் வாசலைத் தட்டினால் யார் வந்திருப்பார்கள்?

கிப் கதவைத் திறக்கவில்லை. வைத்தியர் திறந்தார். வெளியே ஒருவர் தலைக்கவசமும் முதுகில் பெரிய சதுரப் பையுமாக நின்றார். ‘லொரீட்டாங்கறது யாருங்க? ரெண்டு மாட்டிறைச்சி புரிட்டோ, ஒண்ணு காரம் கம்மியா, கூட வெண்ணெய்ப்பழத் துவையல்’ என்றார்.

லொரீட்டா அம்மாள் கையைத் தூக்கினார். ‘பசிச்சுது, ஃபோன்ல சொன்னேன். இருக்கற எடத்துக்கே கொண்டு வருவோம்னு போட்டிருந்தான். இந்தக் காலத்துல எங்க வேணா வர்றாங்களேன்னு நெனச்சேன்’ என்றார்.

வைத்தியர் வந்தவரை மேலும் கீழும் பார்த்தார். ‘எப்படி வந்தீங்க?’ என்றார்.

‘சைக்கிள்லதான் சார்.’

‘சைக்கிள்ல.’

‘ஆமா சார். கொஞ்சம் லேட்டாயிருச்சு, மன்னிச்சுக்கங்க. பனியில எந்தப் படகுன்னு தெரியல. அந்தக் கடைசி வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். ஒரு நாய் வேற துரத்துது.’

கப்பலே கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். கவிழவே வழியில்லாத படகில் கிப் இரண்டு கன்னத்திலும் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். வைத்தியர் இப்போது அவனைக் கடலில் தூக்கிப் போடுவார், ஆழம் எப்படியும் இடுப்பளவுதான் என்று நினைத்து நான் எழுந்து நின்றேன். ஆனால் அந்த நாணயஸ்தர் வாசலுக்கு வெளியே பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், அதில் வரி என்ற இடத்தில் இருந்த சைபரைப் பார்த்தார். பிறகு சைக்கிள்காரருக்குக் கைநிறைய இனாம் கொடுத்து அனுப்பிக் கதவைச் சாத்தினார். ‘சாப்பாடு ஆறிடும்’ என்றார். ‘முதல்ல கையெழுத்தப் போட்டுருவோம்.’

‘டாக்டர், நாம கரையில இருக்கோம்’ என்றேன்.

‘அது ஒவ்வொருத்தர் பார்வை’ என்றார், புரிட்டோ ரொட்டிச் சுருளைப் பிரித்துக்கொண்டே. அவர் கையெழுத்தைப் போட்டார். கிப்பும் போட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

‘மாமா, யோசிச்சுப் பாருங்க. நீங்க வாந்தி எடுத்தீங்களா இல்லையா?’ என்றான் உங்கள் மகன். ‘கரையில இருக்கறவன் எவனாவது கடல் வாந்தி எடுப்பானா? ஒங்க ஒடம்பே சாட்சி சொல்லிருச்சு. கைதான் பாக்கி.’

அக்கா, வாதம் என்று பார்த்தால் அது நல்ல வாதம். எட்டாம் வகுப்பில் இதைச் சொல்லியிருந்தால் மதிப்பெண் கொடுத்திருப்பேன். ஆனால் நான் பேனாவை மேசையில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து, துறைப் பலகையில் கால் வைத்து, பிஸ்கட் என்கிற அந்த நாயைத் தாண்டி, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். நடந்தது இவ்வளவுதான்.

அன்றிலிருந்து உங்கள் பிள்ளை என்னை விடவில்லை. முதல் நாள் ஒரு கடல் இறால் கூடை வந்தது. அடுத்த நாள் என் பெயர் தைத்த உயிர்காப்பு உடை. அதற்கடுத்த நாள் ‘கேப்டன்’ என்று தங்க நூலில் எழுதிய தொப்பி; அதை என் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன், அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது போட்டுக்கொள்கிறார். பிறகு கிப்பே வந்து சோபாவில் விழுந்தான். ‘மாமா, இந்தக் காகிதம் அடுத்த வெள்ளிக்கெழமைக்குள்ள போகலன்னா டாக்டர் படகத் திருப்பிக் குடுத்துருவாரு. வரிய நான் கட்டுனா கடைய மூட வேண்டியதுதான். அம்மா பொறந்த நாளுக்கு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு போறது?’ என்றான். ‘எஞ்சினைச் சரி பண்ணிக் கடலுக்குப் போயேன்டா’ என்றேன். ‘அதுக்குத்தான் மாமா ரொம்ப செலவு’ என்றான். பொய்யைச் சரிக்கட்ட இவ்வளவு இறால் வாங்கியவனுக்கு எஞ்சின் செலவு பெரிதாகத் தெரிகிறது. நான் மறுத்ததும் உங்களுக்குத் தொலைபேசியில் அழுதிருக்கிறான். அதில் சைக்கிளைப் பற்றிச் சொல்லியிருக்க மாட்டான்.

இதற்கு நடுவில் இன்னொன்று. நான் செவ்வாய்தோறும் நூலகத்தில் வரைபட அறையைப் பார்த்துக்கொள்கிறேன் அல்லவா, அங்கே யோலண்டா வேகா வந்தாள். என்னிடம் படித்த பெண். இப்போது வரித்துறையில் படகுகளைக் கவனிக்கிறாள். அந்த லைக் போட்டது இவள்தான் என்று பிற்பாடு தெரிந்தது.

‘சார், கிப் வித்த படகுக்கு நீங்க சாட்சின்னு காத்துல சேதி வந்துச்சு’ என்றாள்.

‘யோலண்டா, இப்போது ஓர் ஆறு இருக்கிறது என்று வைத்துக்கொள். அது கடலில் கலக்கிற இடத்தில்...’

‘உதாரணம் வேணாம் சார். ஆமாவா, இல்லையா?’

‘நான் இன்னும் எதிலும் கையெழுத்துப் போடவில்லை’ என்றேன். அது உண்மை. என் காது மட்டும் சூடாகிவிட்டது.

‘நல்லது சார். போடறதா இருந்தா எனக்கு ஒரு ஃபோன் பண்ணுங்க. நானும் கூட வர்றேன். படகுலேருந்து கடலப் பாக்கணும்னு எனக்கும் ஆசை’ என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் எட்டாம் வகுப்பிலும் இப்படித்தான் சிரிப்பாள், வீட்டுப்பாடம் எழுதாதவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு.

ஆகவே அக்கா, முடிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் கையெழுத்துப் போட மாட்டேன். கிப் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவன் கெட்டவன் இல்லை. குறுக்கு வழி என்றால் நேர் வழியைவிட இரண்டு மடங்கு நடந்தாவது அதில்தான் போவான், அவ்வளவுதான். ஆனால் இந்த ஊரில் நடந்து போகும்போது ஐம்பது வயசு ஆட்கள்கூடத் தொப்பியைக் கழற்றி ‘குட்மார்னிங் சார்’ என்கிறார்கள். நான் அவர்களுக்கு எல்லாத் தலைநகரங்களையும் கற்றுக்கொடுத்தேன், ஒன்றுகூட அவர்களுக்கு ஞாபகம் இல்லை. நான் சொன்னால் சரியாக இருக்கும் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த ஒன்றையும் ஒரு புரிட்டோ ஆறுவதற்குள் எழுதிக் கொடுக்க எனக்கு மனமில்லை. கரையைக் கடல் என்று இந்தக் கை எழுதாது. இனிமேல் கட்டிய படகோ கட்டாத படகோ, எதிலும் கால் வைக்கவும் மாட்டேன். பிறந்த நாளுக்கு வர வேண்டாம் என்றால் வரவில்லை. தபாலில் வாழ்த்து அனுப்புகிறேன், பிரிக்காமல் வைத்தாலும் பரவாயில்லை. உங்களுக்கு எண்பது ஆகும்போது நான் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்று மட்டும் ஓர் ஆசை இருந்தது. அதை எழுதி வைத்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தைச் சாப்பாட்டுக்கு முன் சாப்பிடச் சொன்னால் முன்னாலேயே சாப்பிடுங்கள். சோளம் நன்றாக விளையட்டும், மழை கேட்ட நாளில் பெய்யட்டும், கர்த்தர் உங்கள் கூரையையும் கோபத்தையும் ஒருசேரக் காக்கட்டும்.

என்றும் உங்கள் கீழ்ப்படியாத தம்பி,
மெரிட்

பின்குறிப்பு: அக்கா, இந்தக் கடிதத்தை இங்கிருந்து படிக்கத் தொடங்குங்கள். மேலே உள்ளதைப் படித்துவிட்டிருந்தால் மறந்துவிடுங்கள். கையெழுத்து கோணலாக இருக்கும், பென்சிலால் எழுதுகிறேன், முழங்காலில் வைத்து.

இதைத் தபாலில் போடக் கிளம்பி வாசலைப் பூட்டும்போது தொலைபேசி அடித்தது. கிப். ‘மாமா, நான் எங்க இருக்கேன் சொல்லுங்க பாப்போம்?’ என்றான். வைத்தியர் காலையில் வந்து, எஞ்சின் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் பணம் தர மாட்டேன் என்று சண்டை போட்டாராம். இன்று அதிசயமாக வெயில். இரண்டு பேரும் எஞ்சினைச் சோதிக்கக் கிளம்பியிருக்கிறார்கள். அது தேவகானம் போல் ஓடியதாம், துறைமுக வாயைத் தாண்டும் வரைக்கும். அப்புறம் கொதித்து நின்றுவிட்டது. உள்வாங்குகிற கடல் படகை நேராக மேற்கே இழுத்துக்கொண்டு போகிறது. ‘மாமா, மெய்யாலுமே கடலுக்குள்ள போயிட்டிருக்கோம்! இழுவைப் படகுக்காரர் ஒருத்தர் கெளம்பறாரு, அவரோட வந்துருங்க! பழைய காகிதத்தக் கிழிச்சுட்டேன். புதுசு ஒண்ணு டாக்டர்ட்ட இருக்கு!’

நான் போனேன். ஏன் போனேன் என்று கேட்காதீர்கள். இப்போது கிப்பின் படகில்தான் உட்கார்ந்திருக்கிறேன். கரை மெல்லிய கோடாகத் தெரிகிறது. எனக்குக் கடல் மயக்கமே இல்லை, நல்ல பசிதான் எடுக்கிறது. இழுவைப் படகுக்காரரின் கருவி இரண்டே முக்கால் மைல் என்று காட்டுகிறது. அவர் வந்ததும் கயிற்றை வீசப் பார்த்தார். ‘யாரும் கயித்தத் தொடக் கூடாது!’ என்று ஒரு சத்தம் கேட்டது. அது நான்தான், அக்கா. ‘கொஞ்சம் அந்தப் பக்கமா இழுத்து விடுங்களேன்’ என்று வைத்தியர் கெஞ்சினார். ‘நான் ஆபத்துல இருக்கறவங்கள கரைக்குத்தான் இழுப்பேன். கடலுக்குள்ள இழுத்துட்டுப் போற தொழில் எனக்கில்ல’ என்று சொல்லிவிட்டு அவர் மீன் ரொட்டியைப் பிரித்துவிட்டார். மணிக்கணக்கில் கூலியாம், அவசரம் ஒன்றும் இல்லையாம். கையெழுத்துப் போட்ட பிறகு எஞ்சின் ரிப்பேருக்காக மட்டும் படகு துறைமுகத்துக்குள் வரலாமாம், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். ‘இது நெசமாவே இருக்கு மாமா’ என்று கிப் மூன்று தடவை சொன்னான். நான் கரைக்குப் போய்ப் படித்துப் பார்த்த பிறகுதான் நம்புவேன்.

இரண்டு புள்ளி ஒன்பது. இதோ என்று பேனாவைக் கையில் எடுத்தேன்.

காற்று திரும்பிவிட்டது. இரண்டு புள்ளி எட்டு. இந்த நேரத்தில் கரையை நோக்கி மேற்குக் காற்றுதான் எழும் என்று நான் ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், இன்று முதல் தடவையாக அது எனக்குப் பிடிக்கவில்லை. கிப் படகெங்கும் தேடி ஒரு துடுப்பைக் கண்டுபிடித்திருக்கிறான், சின்ன ரப்பர் படகுக்கு உண்டானது. நாற்பத்தைந்து அடிப் படகை அதை வைத்து மூன்று பேரும் முறை போட்டுத் தள்ளுகிறோம். வைத்தியர் சட்டையைக் கழற்றிவிட்டார். இழுவைப் படகுக்காரர் தன் ஃபோனில் எங்களைப் படம் எடுக்கிறார். பிறந்த நாள் கேக்கில் எனக்கு ஒரு துண்டு எடுத்து வையுங்கள், ஓரத்துத் துண்டாக இருந்தாலும் சரி. இதோடு நிறுத்துகிறேன், அக்கா. இப்போது என் முறை.